குடும்பப் பெயர்க் கட்டத்தில் நான் எழுதியது

நான் கண்ணால் கண்டவற்றையும் காதால் கேட்டவற்றையும் தாளில் படித்தவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். பிறர் ஊகித்துச் சொன்னவற்றை விலக்கியிருக்கிறேன். என் ஊகத்தை விலக்க முடியாத இடங்களில் அது ஊகம் என்றே குறித்திருக்கிறேன். நடை ஒழுங்குக்காகச் செய்த ஏற்பாடு அன்று இது. ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில், சரிபார்க்காமல், ஒரு சொல்லை எழுதினேன். அதன் விளைவு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் தலையில் விழுந்தது. அதற்குப் பிறகு, உறுதியாகத் தெரியாத எதையும் எழுத எனக்குக் கை வருவதில்லை.

எவருடைய பெயரும் இதில் இல்லை. நான் கடைசியாகக் கண்ட நாளில் அந்தச் சிறுமியின் குடும்பத்தின் அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. அவர்கள் விட்டு வந்த நாட்டின் பெயரை எழுதாததும் அதனால்தான். ஸ்பானிய மொழி பேசும் மத்திய அமெரிக்க நாடுகளுள் ஒன்று என்பதோடு நிறுத்துகிறேன்.

கனடாவில் பிரெஞ்சு பேசும் நகரம் ஒன்றின் சென்ட் லோரன்ட் பகுதியில் உள்ள ஓர் ஆரம்பப் பாடசாலையில் மதிய உணவு வேளையில் பிள்ளைகளைக் கவனிப்பது என் வேலை. நாளுக்கு இரண்டரை மணி நேரம். உணவுப் பெட்டிகளைத் திறந்து கொடுப்பேன், சிந்தியதைத் துடைப்பேன், பனிக்காலத்தில் நாற்பது பிள்ளைகளின் கையுறைகளைச் சோடி சேர்ப்பேன். புதிதாக நாட்டுக்கு வந்தவர்களுக்குப் பிரெஞ்சு கற்பிக்கும் வகுப்பு எங்கள் பாடசாலையில் உண்டு. அண்மை ஆண்டுகளில் அதில் ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகளே மிகுதி. தமிழரான எங்கள் ஆட்கள் அவர்கள் எல்லோரையும் 'ஸ்பானிஷ்காரர்' என்று ஒரே சொல்லில் அடக்குவார்கள். அவர்கள் எங்களை இந்தியர் என்பார்கள். இரு தரப்பும் திருத்துவதில்லை.

அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பொதுவாகச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் சிலவற்றைக் கண்டிருக்கிறேன். ஆசிரியர் பெற்றோரை அழைக்கும் நாளில், தன்மீது சொல்லப்படும் குறையைத் தானே மொழிபெயர்த்துத் தாய்க்குச் சொல்லும் பத்து வயதுப் பிள்ளையைக் கண்டேன். அவள் ஒளிக்காமல்தான் சொன்னாள். தாயின் முகம் மாறியதைக் கொண்டு அதைச் சொல்கிறேன். குளிர்சட்டையைக் கழற்றாமலே சோறும் அவரை விதையும் உண்ணும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். ஏன் கழற்றவில்லை என்று கேட்டால், திடீரென்று போக வேண்டி வரலாம் என்பார்கள். எங்கே என்று கேட்டால் தெரியாது என்பார்கள்.

நான் சொல்ல வந்த சிறுமி குளிர்சட்டையைக் கழற்றி மடித்து வைப்பவள். எப்போதும் மேசையின் கோடியில், சுவருக்கு முதுகு கொடுத்து அமர்வாள். கூப்பிட்டால் பெரும்பாலும் திரும்பமாட்டாள். வகுப்பாசிரியையிடம் சொன்னேன். புதிய மொழிக்குள் வரும் பிள்ளைகள் சில மாதம் வாய் திறக்காமல் இருப்பது வழக்கம், பொறுத்துப் பார்ப்போம் என்றார். தாயிடம் சொன்னேன். இங்கு வந்த பிறகு கூச்சம் பிடித்துவிட்டது என்றார். இரண்டுமே நம்பக்கூடியவை. ஒருநாள், அவளுடைய நாட்டிலிருந்தே வந்த இன்னொரு சிறுமி பின்பக்கத்தில் நின்று அவர்கள் மொழியிலேயே அவளைக் கூப்பிட்டாள். அப்போதும் அவள் திரும்பவில்லை. அந்தக் கணத்தில், பிரெஞ்சின்மேல் நாங்கள் போட்டிருந்த பழி பொய் என்று தெரிந்தது.

கூப்பிட்ட அந்தச் சிறுமியையே மேலும் மூன்று நாட்கள் பின்னால் நின்று கூப்பிடச் சொன்னேன். இரண்டு நாட்கள் இவள் திரும்பவில்லை. மூன்றாம் நாள் திரும்பினாள். ஆனால் அன்று கூப்பிட்டவளின் உணவுப் பெட்டி இடித்து மேசை அதிர்ந்திருந்தது. கிழமைக்கு ஒருநாள் பாடசாலைக்கு வரும் தாதியிடம் இதைச் சொன்னேன். அவர் சிறுமியைத் தனியே அழைத்துச் சிறிய சோதனை ஒன்று செய்தார். பிறகு வைத்தியசாலையின் செவிப் பரிசோதனைப் பிரிவுக்கான படிவம் ஒன்றை எடுத்து, கீழ்ப் பாதியைத் தானே நிரப்பிக் கையொப்பமிட்டு, மேல் பாதியைப் பெற்றோர் நிரப்பி அஞ்சலில் அனுப்பும்படி கொடுத்துவிட்டார். ஆண்டிறுதியில் அவளை எந்த வகுப்பில் சேர்ப்பது என்று பாடசாலை முடிவு செய்யும். அதற்குள் செவியைச் சோதித்த தாள் வந்தால் சாதாரண வகுப்பு. வராவிட்டால், கற்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கான சிறிய வகுப்பு. இதைத் தாதி எனக்குத் தெளிவாகவே சொன்னார்.

அந்தக் குடும்பம் நான் குடியிருக்கும் கட்டடத்திலேயே, பாதி நிலத்துக்குக் கீழே உள்ள வீட்டில் இருந்தது. தந்தைக்குக் களஞ்சியம் ஒன்றில் வேலை. நான் அவரைப் படியில் கண்டு வணக்கம் சொன்னதோடு சரி. தாய் உணவு பொதி செய்யும் தொழிற்சாலைக்குப் போய்வந்தார். எங்கள் கட்டடத்துத் தமிழர் பலருக்கு நான் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அது தெரிந்தே அவர் மாலையில் படிவத்துடன் என் சமையலறைக்கு வந்தார்.

நாங்கள் பேசியது பிரெஞ்சில். இருவருக்குமே அது அரைகுறை. அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் இருவரும் மழலை பேசியது போலாகும். ஆகவே என் மனத்தில் பதிந்த தமிழிலேயே தருகிறேன். பொருளில் ஒன்றும் கூட்டவில்லை.

"பிள்ளையின்ரை பேர்?" என்று கேட்டேன்.

ஒரே மூச்சில் நான்கு சொற்கள் சொன்னார். நான் முதற்சொல்லை எழுதினேன்.

"தகப்பன்ரை பேர்?"

சொன்னார். அதைக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எழுதினேன்.

"மதாம், எங்கடை பேப்பர் கீழை வீட்டிலை கிடக்கு. ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வரட்டோ?"

"வேண்டாம், இருங்கோ. தேத்தண்ணி ஆறப்போகுது. எங்கடை ஆக்களுக்கு நான் எத்தினை நிரப்பிக் குடுத்தனான்!"

அவர் அமர்ந்தார். படிவத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, "உங்கடை எழுத்து நல்ல வடிவு, மதாம்" என்றார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

இந்த இடத்தில் விளக்கம் ஒன்று வேண்டும். எங்கள் வழக்கத்தில் பிள்ளையின் பெயரோடு தந்தையின் சொந்தப் பெயர் நிற்கும். கனடாவுக்கு வந்தபின் அதையே குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதிவருகிறோம். என் குடும்பப் பெயர் என் தந்தையின் பெயர். என் மகளின் குடும்பப் பெயர் என் கணவரின் பெயர். அவர்கள் வழக்கம் வேறு. பிள்ளைக்கு இரண்டு குடும்பப் பெயர்கள்: முன்னே தந்தையின் குடும்பத்தது, பின்னே தாயின் குடும்பத்தது. தந்தையை வீட்டில் அழைக்கும் சொந்தப் பெயர் பிள்ளையின் பெயரில் எங்கும் வராது. அந்த அம்மா ஒரே மூச்சில் சொன்ன நான்கு சொற்களில் எல்லாமே இருந்தன. நான் அவற்றைக் கேட்கவில்லை. எனக்குப் பழகிய கேள்வியைக் கேட்டு, எனக்குப் பழகிய விடையை எழுதினேன். இதை எந்தப் பிரெஞ்சுக்காரரும் செய்திருக்கமாட்டார். தமிழர் ஒருவர்தான் செய்திருக்க முடியும்.

படிவம் போயிற்று. பனி நீண்டது. உருகியது. பாடசாலை முற்றத்துச் சேற்றில் பிள்ளைகள் புரளத் தொடங்கினார்கள். வைத்தியசாலையிலிருந்து செய்தி இல்லை. இந்த நகரில் காத்திருப்பது பழக்கம் என்பதால் நானும் கேட்கவில்லை.

வெயில் வந்த பிறகு ஒரு சனிக்கிழமை, கட்டடத்தின் துணி துவைக்கும் அறையில் அந்த அம்மாவைக் கண்டேன். உலர்த்தும் இயந்திரத்துக்கு முன்னால் நின்று ஒற்றைக் காலுறைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மெசின் ஒவ்வொரு கிழமையும் ஒண்டைத் தின்னுது, மதாம். ஒரு நாளைக்குப் பிள்ளையையும் தின்னும்."

நான் சிரித்தேன். செவிப் பரிசோதனைக்கு அழைப்பு வந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். பிறகு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வேறை ஒரு போன்தான் வந்தது. ஒரு ஆம்பிளைக் குரல். எங்கடை பாசையிலை கதைச்சவர். மகளின்ரை பேரோடை என்ரை மனிசன்ரை பேரைச் சேர்த்து, அந்தப் பிள்ளையின்ரை வீடோ எண்டு கேட்டார்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"அப்பிடி ஒரு பிள்ளை இஞ்சை இல்லையெண்டு சொன்னன். அந்தாள் திருப்பிக் கேட்டார். நான் வைச்சிட்டன். எங்கடை ஊரிலை இவரைத் தேடினவங்கள் இருக்கிறாங்கள், மதாம். இவரின்ரை பேரும் தெரியும், மகளின்ரை பேரும் தெரியும், நம்பரும் தெரியும் எண்டால் அது வேறை ஆர்? அண்டைக்கே நம்பரை மாத்திப்போட்டம். பேந்து அதே பேரிலை ஒரு கடிதமும் வந்தது. உடைக்கேல்லை. ஆள் இல்லையெண்டு எழுதித் தபால் பெட்டிக்கு மேலை வைச்சிட்டன்."

தபால் பெட்டிகளின் மேல் ஓர் உறை சில நாட்கள் கிடந்ததை நான் கண்டதுண்டு. அது இதுதானா என்று உறுதியாகச் சொல்ல இயலாது. குனிந்து பார்க்கவில்லை.

ஆனால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படி ஒரு பெயர் உலகில் ஒரே ஒரு தாளில்தான் இருந்தது. அதை எழுதியவள் நான். வைத்தியசாலை, என் ஊகப்படி, நல்லெண்ணத்தால் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கொண்டு அவர்கள் மொழியிலேயே பேசவைத்திருக்கிறது. அந்த நல்லெண்ணமே அச்சத்தைக் கூட்டிவிட்டது. நான் உள்ளதைச் சொன்னேன். எங்கள் வழக்கத்தையும் சொன்னேன்.

அவர் உடனே கோபிக்கவில்லை. முதலில், ஊர் ஆட்கள் தேடி வரவில்லை என்பதே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த மர வாங்கில் அமர்ந்தார். பிறகு கேட்டார்:

"உங்கடை ஆக்களுக்கு எல்லாரும் தகப்பன்ரை பேர்தானோ?"

"ஓம்."

"பேந்து தாய் என்னத்துக்கு? சமைக்கவோ?"

அதில் நகை இருந்தது. நகை மட்டும் இல்லை. இரண்டு மாதம் அவர்கள் யன்னல் திரையைத் திறக்கவில்லை என்பதை அன்றுதான் சொன்னார். சிறுமியை முற்றத்தில் விளையாட விடவில்லை என்றும் சொன்னார். தெருவிலிருந்து பார்க்கும்போது அந்தத் திரை மூடியிருந்தது எனக்குத் தெரியும். வெயிலுக்காக என்று எண்ணியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

"அந்த மனிசி பேப்பரை எடுத்துக்கொண்டு வரட்டோ எண்டு கேட்டதல்லோ? நான் உங்கினைதானே இருந்தனான். நீர்தான் தேத்தண்ணி ஆறுது எண்டீர்."

"தெரியும்."

"இனி ஆசுப்பத்திரிக்குப் போய், நான்தான் அந்தப் பிள்ளைக்குப் பேர் வைச்சனான் எண்டு சொல்லும். பஞ்சாங்கத்தையும் கொண்டுபோம்."

"பகிடி விடாதேங்கோ. எனக்குக் களைச்சுப்போச்சு."

அவர் எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் வைத்தார்.

நான் தனியே வைத்தியசாலைக்குப் போனேன். முகப்பில் இருந்த பெண் நான் யார் என்று கேட்டார். அயலவர் என்றேன். அயலவருக்கு ஒன்றும் சொல்ல முடியாது என்றார். அது சரியான விதி. தாய் ஒருநாள் வேலையை விட்டு வரவேண்டியதாயிற்று. மூவருமாகப் பேருந்தில் போனோம். சிறுமி தாய்க்கும் எனக்கும் எதிர் இருக்கையில், எங்கள் இருவரின் முகமும் தெரியும்படி அமர்ந்துகொண்டாள். அதற்குள் அவளுக்குப் பிரெஞ்சு ஓரளவு வந்திருந்தது. அளவுக்கு மீறிய சத்தமாகப் பேசுவாள். பேருந்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

"மதாம், நீங்கள் வாயை மூடிக்கொண்டு கதைக்கிறீங்கள்" என்றாள்.

"அப்பிடியோ? இனித் திறந்து கதைக்கிறன்."

"இப்ப பரவாயில்லை. இப்ப எல்லாரும் கதைக்கினம். பனிக்காலத்திலை ஒருத்தரும் கதைக்கேல்லை."

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு முற்றத்தில் நாங்கள் எல்லோரும் கழுத்துத் துணியை மூக்குவரை சுற்றிக்கொண்டு நிற்பது நினைவுக்கு வந்தது. ஆசிரியை, காவலுக்கு நிற்பவர்கள், பிள்ளைகள், நான், எல்லோரும். ஐந்து மாதம் அந்தப் பிள்ளைக்கு ஒரு வாயும் தெரிந்திருக்கவில்லை. தாய் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு எவ்வளவு விளங்கியது என்று நான் கேட்கவில்லை.

வைத்தியசாலையில் முகப்புப் பெண் கணினியில் தேடினார். நான் எழுதிய பெயரில் ஒரு கோப்பு இருந்தது. தொலைபேசியில் மறுத்துவிட்டார்கள், கடிதம் திரும்பிவந்தது என்ற குறிப்புகளோடு மூடப்பட்டிருந்தது. அந்தக் கோப்புக்குப் பரிசோதனைத் தேதி ஒன்றும் குறிக்கப்பட்டிருந்தது. அது கடந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. இல்லாத ஒரு பிள்ளைக்கு முறை வந்து போயிருந்தது. இருக்கும் பிள்ளை எங்கள் நடுவில் நின்று, முகப்பு மேசையில் இருந்த பேனாக்களை நிற வரிசைப்படி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பேரைத் திருத்தினால் போதாதோ?" என்று கேட்டேன்.

மூடிய கோப்பைத் திருத்த முடியாது, சரியான பெயரில் புதிய படிவம் வேண்டும், வரிசையும் புதிய தேதியிலிருந்தே தொடங்கும் என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. தாயின் கையில் இருந்த தாளைப் பார்த்து நான்கு சொற்களையும் தானே எழுதிக்கொண்டார். முன்பே ஒருமுறை பரிசோதனைத் தேதியை இழந்த பிள்ளை என்று குறித்து வைப்பதாகவும் சொன்னார். அவர் ஏதோ தட்டெழுதியதைக் கண்டேன். திரையில் என்ன எழுதினார் என்று காணவில்லை.

தாதியிடம் மீண்டும் படிவம் வாங்கினோம். இம்முறை அதைத் தாயே நிரப்பினார். அதிகம் எழுதிப் பழகாத கையெழுத்து. ஒவ்வோர் எழுத்தும் கட்டத்தின் கோட்டில் முட்டி நின்றது. உதவி வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஆண்டிறுதிக் கூட்டம் அதற்குள் வந்துவிட்டது. பெற்றோரும் ஆசிரியரும் மட்டும் இருக்கும் கூட்டம் அது. நான் வெளியே நடைக்கூடத்தில், தேடுவாரற்ற கையுறைகள் நிறைந்த பெட்டியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். தாய் வெளியே வந்தார்.

"சின்ன வகுப்பு எண்டு சொல்லுகினம். தற்காலிகமாம். ஆசுப்பத்திரிப் பேப்பர் வந்தால் மாத்துவினமாம்."

"பேப்பர் வரும்."

"உங்களுக்குத் தெரியுமோ, மதாம்?"

 "தெரியாது" என்றேன். அவர் தலையசைத்தார். தற்காலிகம் என்று சொல்லிச் சேர்த்த பிள்ளைகள் அந்த வகுப்பிலிருந்து வெளியே வந்ததை நான் கண்டிருக்கிறேனா என்று அன்று மாலை முழுவதும் எண்ணிப் பார்த்தேன். ஒரு பிள்ளை நினைவுக்கு வந்தது. வேறு பிள்ளைகளும் இருக்கலாம். அவர்கள் என் மேசையில் அமர்ந்தவர்கள் அல்லர்.

இந்த நகரில் பலரும் ஒரே நாளில் வீடு மாறும் ஜூலை முதலாம் தேதி அவர்களும் மாறினார்கள். தந்தைக்கு ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்ய் பக்கம் வேலை கிடைத்திருந்தது என்று கட்டடத்துக் காவலர் சொன்னார். பின்னர் தாயும் அதைச் சொன்னார். தெரு முழுவதும் மெத்தைகளும் குளிர்சாதனப் பெட்டிகளும் நடைபாதைக்கு இறங்கியிருந்தன. அவர்களுடையது சிறிய வான் ஒன்றுக்குள் அடங்கிற்று. அதில் பெரும்பகுதி துணிப் பொதிகள்.

முகப்புப் பெண் சொல்லியிருந்த புதிய கோப்பின் இலக்கத்தையும் வைத்தியசாலையின் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி உறையிலிட்டுக் கொண்டுபோனேன்.

"இதிலை கோப்பு இலக்கம் கிடக்கு. புது விலாசத்தை அவைக்கு அறிவிக்கவேணும். இல்லாட்டிக் கடிதம் இஞ்சைதான் வரும்."

"மெர்சி, மதாம். இவர் பாப்பார்."

"நான் போன் எடுத்துச் சொல்லட்டோ?"

"இல்லை, இல்லை. நீங்கள் கரைச்சல்படாதேங்கோ. இவர் பாப்பார்."

மிகுந்த மரியாதையோடு சொன்னார். உறையை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தார். அந்த மரியாதைக்குள் நான் நுழைய இடம் இருக்கவில்லை. அவருடைய நிலையில் நான் இருந்தாலும் அப்படியே செய்திருப்பேன். அவர்களுடைய புதிய தொலைபேசி எண் என்னிடம் இல்லை. என் பிழையால் மாற்றப்பட்ட எண் அது. அன்றும் நான் அதைக் கேட்கவில்லை.

சிறுமி வானின் பின்னிருக்கையில் மின்விசிறி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மதாம், அங்கையும் நீங்கள்தானோ சாப்பாட்டு நேரம்?"

"இல்லை, அங்கை வேறை ஆரும் நிப்பினம்" என்று சொல்லும்போது வழிவிடச் சொன்ன ஒருவரைப் பார்த்துத் திரும்பிவிட்டேன்.

"என்ன?" என்றாள்.

அவள் பக்கம் திரும்பி, குனிந்து, வாயைத் திறந்து மறுபடியும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

இலையுதிர்காலம் வந்தது. நிலத்தடி வீட்டுக்கு வேறு குடும்பம் வந்து, தபால் பெட்டியில் தங்கள் பெயரை ஒட்டிவிட்டது. வைத்தியசாலை உறை ஏதேனும் வந்ததா என்று அவர்களிடம் இரண்டு முறை கேட்டேன். இல்லை என்றார்கள். வைத்தியசாலையிலும் ஒருமுறை விசாரித்தேன். அயலவருக்குச் சொல்ல முடியாது என்றார்கள்.

உறையில் இருந்த எண்ணுக்கு அவர்கள் அழைத்தார்களா என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையின் செவியைச் சோதித்தார்களா, சோதித்திருந்தால் என்ன கண்டார்கள், இப்போது அவள் எந்த வகுப்பில் இருக்கிறாள் என்பதும் தெரியாது.